ஒரே அட்டைக்குள் இரண்டு கதைகள்

தாராவி, பம்பாய்.
திங்கட்கிழமை.

என் மகனுக்கு,

நாகபுரியிலிருந்து நீ எழுதிய கடிதம் என் கைக்கு வந்து இன்றோடு நாற்பது நாட்கள் ஆகின்றன. அதில் நீ இரண்டு கேள்விகள் கேட்டிருந்தாய். இப்போது என்ன புத்தகம் வாசிக்கிறீர்கள் என்பது முதலாவது. ஜெயாவை நான் மணந்துகொள்ள உங்களுக்குச் சம்மதமா என்பது இரண்டாவது. இரண்டுக்கும் விடை எழுதாமல், மழை பலமாக இருக்கிறது, அப்பா நலம், உடம்பைப் பார்த்துக்கொள் என்று மூன்று அஞ்சலட்டைகளை மட்டும் அனுப்பிவைத்தேன். நீ என்ன நினைத்திருப்பாய் என்பதை நான் அறிவேன். அவர்கள் பாலக்காட்டிலிருந்து வந்த ஆபீஸ் குடும்பம், நாம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் வேலைக்கு வந்தவர்கள், ஆகையால் அம்மா தயங்குகிறாள் என்று எண்ணியிருப்பாய். காரணம் அதுவன்று. உண்மையான காரணம் அதைவிட மிகச் சிறியது. ஆனால் சொல்வதற்கு அதைவிடக் கடினமானது. உன் முதல் கேள்விக்கு முறையாக விடையளித்தால் இரண்டாவதன் விடை அதற்குள்ளேயே வந்துவிடும். ஆகவே பக்கங்களைப் புரட்டிக் கடைசி வரியை முதலில் பார்க்காதே. அந்தப் பழக்கம் உனக்கு உண்டு.

மூன்றாம் வகுப்போடு நின்றவள் உன் தாய். மீதித் தமிழை நானே கற்றேன். தையல் இயந்திரத்தின் மேல் ஒரு புத்தகத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு, ரவிக்கையின் ஒரு கை முடிவதற்குள் ஒரு பக்கம் என்று கணக்கு வைத்துக் கற்றேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் சிறிதும் இல்லை. நம் சந்தில் பாதி வீட்டுக் கடிதங்கள் என் கையெழுத்தில்தானே ஊருக்குப் போகின்றன? எதிர்வீட்டுச் செல்லம்மாவின் கடிதம் உனக்கு நினைவிருக்கும். "தம்பிய ஒரு ஓலப்பொட்டி கருப்பட்டி அனுப்பச் சொல்லுக்கா" என்றாள் அவள். நானோ, "தங்கள் திருக்கரங்களால் கருப்பட்டி அனுப்பப்பெறின் யாம் பேருவகை எய்துவோம்" என்று எழுதினேன். அந்தத் தம்பி பதறிப்போய் ரயிலேறி வந்து நின்றான். "எக்கா, ஒனக்கு ஒண்ணுமில்லையே? கடுதாசியப் பாத்ததும் கையும் ஓடல காலும் ஓடல" என்றான். கையில் கருப்பட்டி இருந்தது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். சந்து முழுவதும் ஒரு வாரம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. என் வாக்கியத்தில் பிழை இல்லை என்று செல்லம்மாவிடம் வாதாடிக்கொண்டிருந்தேன். என் குணம் அது. இந்தக் கடிதத்தில் நீ வாசிக்கப்போவதும் அந்தக் குணத்தின் கதைதான்.

சென்ற ஆண்டு மழைக்கு முன்னர், கிங் சர்க்கிள் அருகிலுள்ள, பழைய தாள் எடைக்கு வாங்கும் ரத்திக் கடையில், பழைய செய்தித்தாள் கட்டுகளுக்கு அடியில் ஒரு பைண்டு புத்தகத்தைக் கண்டேன். வாரப் பத்திரிகையில் வரும் தொடர்களைக் கிழித்தெடுத்து, சேர்த்துத் தைத்து, காலிகோ துணி ஒட்டி வைத்துக்கொள்வது நம்மவர் வீடுகளில் வழக்கம் அல்லவா? யாரோ அப்படிச் செய்து, பிறகு வீடு மாற்றும்போது எடைக்குப் போட்டிருக்கிறார்கள். பைண்டு செய்தவர் மேல் ஓரத்தைத் தாராளமாக வெட்டியிருந்தபடியால், தலைப்புகளும் ஆசிரியர் பெயர்களும் கத்தியோடு போயிருந்தன. கடைக்காரரிடம் என்ன புத்தகம் என்று கேட்டேன். "கிதாப் ஹை பாயி, மதராசி கிதாப்" என்றார்; புத்தகம்தான் அம்மா, மதராசிப் புத்தகம் என்று. அதைவிடச் சரியான விவரம் அவரால் தந்திருக்க முடியாது.

அந்த நூலில் ஓர் அத்தியாயம் கட்டுரை போலவும் அடுத்த அத்தியாயம் கதை போலவும் மாறி மாறி வந்தன. கட்டுரையை எழுதியவர் வனத்துறை அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஊருக்கு மேலே ஒரு மலை. தண்டவாளத்துக்கு அடியில் இடும் கட்டைகளுக்காக அம்மலையின் மரங்கள் ஏலம் விடப்பட்டன. சில ஆண்டுகளில் சுனை வற்றியது. அம்மனுக்குக் கோபம் என்று ஊரார் பொங்கலிட்டார்கள். இவரோ பழைய கோப்புகளைத் தேடிச் சென்று, எந்த அறையில், எந்த மேசையில், யார் அனுமதி கொடுத்தார்கள் என்று ஒவ்வொரு தாளாகக் கண்டுபிடிக்கிறார். விதி என்று ஊர் நம்பியிருந்தது ஒரு கோப்பாக இருந்தது. இதை வாசித்த நாளில் நான் தையலை நிறுத்திவிட்டு, உன் அப்பா வேலை முடிந்து வந்தவுடன், "ஒங்க ஷாப்புல தோல் கழுவுத தண்ணி எங்க போவுது?" என்று கேட்டேன். "ஓடைக்குப் போவுது. பின்ன ஒன் தலையிலயா ஊத்துவாவ?" என்றார். "ஓடையிலருந்து?" என்றேன். "கடலுக்கு. ஏளா, இன்னைக்கு சோறு உண்டா, இல்ல இந்த விசாரணதானா?" என்றார். சோறு போட்டேன். ஆனால் நாம் உண்ணும் சோறு அந்த ஓடையைக் கடந்துதான் வருகிறது என்பதும், அங்கே வலை வீசிக்கொண்டிருந்த கோலி மீனவர்கள் இப்போது ஏன் வருவதில்லை என்பதும் எனக்கு அன்றுதான் உறைத்தது. குற்றம் சொல்ல ஒரு விரலை நீட்டினேன். அது என் வீட்டுத் தட்டையும் தொட்டது. நல்ல நூல் செய்யும் வேலை இது. இடையிடையே வந்த கதையில், ஒரு நாட்டின் ஆறு ஒருநாள் காலையில் எழுந்து, தன்னைப் பாய்போலச் சுருட்டி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கோபித்த மனைவி தாய்வீடு போவதுபோல் நடந்து போய்விடுகிறது. பாய் முடைபவரின் மகள் ஒருத்தி அதைத் தேடிப் புறப்படுகிறாள். மலைகளைத் தராசில் நிறுத்து விற்கும் சந்தையைக் கடக்கிறாள். மழையைச் சாடிகளில் அடைத்து முத்திரையிட்ட நகரத்தைக் கடக்கிறாள். கடைசியில் ஆற்றைக் கண்டுபிடித்ததும் அது அவளைக் கேட்கிறது: "என்னை அழைத்துப்போக வந்தாயா, வேலை வாங்க வந்தாயா?"

சுனை வற்றியது என்று கட்டுரை முடிந்த இடத்தில், மறுபக்கத்தில் ஆறு எழுந்து நடக்கிறது. வேறென்ன நினைக்கத் தோன்றும், நீயே சொல். ஒரு மேதை தன் அறிவால் ஓர் அத்தியாயமும் தன் கனவால் ஓர் அத்தியாயமும் எழுதியிருக்கிறார் என்று முடிவு செய்தேன்.

மாட்டுங்காவில் பார்வதி மாமி வீட்டில் சனிக்கிழமை பிற்பகல்களில் கூடும் மாதர் வாசகர் குழுவில் தாராவியிலிருந்து போய்க்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். அங்கே ஒவ்வொரு வாரமும் ஒருவர் ஒரு நூலைப் பற்றிப் பேச வேண்டும். என் முறை வந்தபோது பதினாறு பக்கம் எழுதி எடுத்துச் சென்றேன். நாகபுரிக்குப் போகாமல் அப்போது இங்கேயே இருந்த நீதான் என்னைப் பேருந்து நிறுத்தம் வரை கொண்டுவந்து விட்டாய். நீலச் சேலை நன்றாக இருக்கிறது என்றும் சொன்னாய். முக்கால் மணி நேரம் பேசினேன். இரட்டைக் குதிரை பூட்டிய ஒரே தேர் என்றேன். பார்வதி மாமி, "பேஷ், ரொம்ப நன்னாச் சொன்னேள்" என்றார். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். கோட்டைப் பகுதியில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை செய்பவள். அன்றுதான் இரண்டாவது முறையாக வந்திருந்தாள்.

"மாமி, தப்பா நெனச்சுக்காதீங்கோ. இது ஒரே புஸ்தகம் இல்லை. ரெண்டு தொடர். ஒரே பத்திரிகைல அடுத்தடுத்து வந்துது. நான் ஸ்கூல்ல படிக்கறச்சே எங்காத்துல வரவழைச்சுண்டிருந்தோம். எழுதினவாளும் வேற வேற."

கூடத்தில் ஒருவர் தொண்டையைச் செருமினார். வேறொருவர் காப்பி எடுத்துவர எழுந்தார். நான் அவளைப் பார்த்து, "நூலின் மேற்பரப்பை மட்டும் வாசிப்பவர்களுக்கு அப்படித்தான் தோன்றும்" என்றேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் இடம் கொடுக்கவில்லை. புத்தகத்தை அவள் கையில் திணித்து, "ஒழுங்காக வாசித்துவிட்டு வந்து பேசுங்கள்" என்று சொல்லிவிட்டு வெளியேறினேன். அந்தப் பெண்தான் ஜெயா. முழங்கால் வலி என்று உங்களிடம் சொல்லி அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் நான் போகாமல் இருந்தேனே, அந்த முழங்காலில் வலி எதுவும் இருந்ததில்லை.

மூன்றாம் வாரம் அவள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க, விசாரித்து விசாரித்து நம் சந்துக்கே வந்துவிட்டாள். வாசலில் அவள் குரல் கேட்டதும், "நான் இல்லைன்னு சொல்லு" என்று உன்னை அனுப்பிவிட்டு, சமையல் தடுப்புக்குப் பின்னால் நின்று ஸ்டவ்வை வேகமாகப் பம்பு செய்தேன். என்ன பேசினீர்கள் என்பது என் காதில் விழவில்லை. விழக்கூடாது என்றுதான் ஸ்டவ்வை இரையவிட்டேன். நீங்கள் சிரித்தது மட்டும் அந்த இரைச்சலையும் மீறிக் கேட்டது. அரை மணி நேரம் வெறுந்தண்ணீரைக் கொதிக்கவைத்தவள் நான். பேருந்து நிறுத்தம் வரை வழிகாட்டப் போகிறேன் என்று நீ செருப்பை மாட்டியபோதே ஓரளவு யூகித்தேன். என்னை அவமதித்தவளை நானே என் புத்தகத்தைக் கொடுத்து, நானே வீட்டுக்கு வரவழைத்து, நானே உன்னைக் கதவைத் திறக்கச் சொல்லியிருக்கிறேன். உன் கடிதத்தைப் படித்த அன்று இதை எண்ணி எனக்கு வந்த கோபத்தில் மூன்று ரவிக்கைகளுக்குக் கழுத்தைத் தவறாக வெட்டிவிட்டேன்.

அவள் தந்தை சம்மதித்துவிட்டார், உங்கள் வார்த்தைக்காகத்தான் இருவரும் காத்திருக்கிறோம் என்று நீ எழுதியிருந்தாய். நான் இல்லை என்றால் நீ மீறிச் செய்யமாட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். இந்த அதிகாரத்தை நாற்பது நாள் கையில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் சொன்னது தவறு என்று நிரூபிக்க முயன்றேன். அவள் திருப்பிக் கொடுத்ததிலிருந்து நான் திறந்துகூடப் பார்க்காத அந்தப் புத்தகத்தை, சென்ற வியாழக்கிழமை கத்தரிக்கோலும் கையுமாக மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தையலைப் பிரித்து, கட்டுரைகளைத் தனியாகவும் கதையைத் தனியாகவும் அடுக்கி, இரண்டிலும் ஒரே கை எழுதிய அடையாளத்தைக் காட்டுவது என் திட்டம். பிரித்த முதல் தாளிலேயே திட்டம் நின்றுவிட்டது. கட்டுரையின் கடைசிப் பக்கத்துக்குப் பின்பக்கத்தில் கதையின் முதல் பக்கம் அச்சாகியிருந்தது. ஒவ்வொரு வாரமும் அப்படியே. ஒன்றை எடுத்தால் மற்றொன்றும் கூடவே வரும். பைண்டு செய்தவருக்கு வேறு வழியே இருந்திருக்காது. எழுத்து நடையைப் பார்த்தேன். ஒருவர் 'ஆகையினால்' என்றே எழுதுகிறார், மற்றவர் ஓரிடத்திலும் அந்தச் சொல்லைத் தொடவில்லை. இருபது தாளுக்குள் எனக்கு ஐயம் தீர்ந்தது. இரண்டு பேர். இரண்டு தொடர். அவள் சொன்னது சரி.

புத்தகத்தின் நடுவில் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. அவள் தட்டச்சு செய்யவில்லை, கையால் எழுதியிருந்தாள். இன்னின்ன அத்தியாயம் இன்ன தொடர் என்று முதலில் ஒரு சிறு குறிப்பு. அதன் கீழே இப்படி இருந்தது: "மாமி, இவை இரண்டும் வேறு வேறுதான். ஆனாலும் நீங்கள் சொன்னபடி ஒன்றாகவே வைத்து மறுபடி படித்தேன். ஆறு எழுந்து போகும் இடத்தில் அழுகை வந்துவிட்டது. ஸ்கூலில் படித்தபோது அழவில்லை. எல்லோர் முன்னாலும் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். சனிக்கிழமை வாருங்கள்." எட்டு மாதங்களாக அந்தக் காகிதம் நம் வீட்டு அலமாரியில் இருந்திருக்கிறது. நான் ரோஷத்தோடு அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீ எட்டாம் வகுப்பில் இருந்தபோது, பறக்கும் குதிரையும் பேசும் பாம்பும் நிறைந்த கதைப் புத்தகம் ஒன்றைப் பள்ளி நூலகத்திலிருந்து கொண்டுவந்தாய். பொய்க்கதை படித்தால் மூளை மழுங்கும் என்று அதைப் பிடுங்கி, நானே போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு, நீராவி இயந்திரத்தைப் பற்றிய ஒரு நூலை வாங்கி வந்தேன். நீ இயந்திர வேலைக்குப் போனாய் என்பது உண்மை. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் ஒரு கதைகூட நீ வாசிக்கவில்லை என்பதும் உண்மை. கஷ்டப்பட்டுக் கற்ற எழுத்தை உபயோகமான காரியத்துக்கே செலவிட வேண்டும் என்று நான் எண்ணியிருந்தேன். அந்த பைண்டு புத்தகத்தில் கதை மட்டும் தனியாக இருந்திருந்தால் ரத்திக் கடையிலேயே கீழே வைத்திருப்பேன். கோப்பும் கையொப்பமும் முன்னே நடந்து போனதால், அதன் பின்னால் அந்த ஆற்றை என் வீட்டுக்குள் அனுமதித்தேன். அது ஒரே நூலாக இருக்க வேண்டும் என்று நான் ஏன் அவ்வளவு பிடிவாதம் பிடித்தேன் என்பது இப்போது விளங்குகிறது. தனித்தனி என்றால், மாயக்கதை ஒன்றை நான் ஆசை ஆசையாக வாசித்தேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். ஒப்புக்கொள்கிறேன். மூன்று முறை வாசித்தேன். உன்னிடமிருந்து பிடுங்கியது தவறு. நாகபுரியில் அப்படிப்பட்ட கதை ஏதேனும் கிடைத்தால் வாங்கி வாசி. நானும் வாசித்துவிட்டுத் தருகிறேன்.

வியாழக்கிழமை மாலை உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெற்றிலையை மென்று துப்பினார். பிறகு, "இதுக்காவா பிள்ளைய நாப்பது நாளு தொங்கவிட்ட? நான் என்னமோ சாதி சனம்னு யோசிக்கன்னுல்லா நெனச்சேன்" என்றார். "ஒங்களுக்குச் சம்மதமா?" என்றேன். "எனக்கு அன்னைக்கே சம்மதம். ஒன்னையத் தப்புன்னு சொல்லிட்டு உசுரோட வீட்டுக்குப் போயிருக்கா பாரு, அந்தப் பிள்ளதான் நம்ம வீட்டுக்குத் தோது" என்றார். என்னிடம் ஒரு நாளும் அவர் சொல்லத் துணியாததை அவள் சொல்லிவிட்டதில் அவருக்கு இருந்த மகிழ்ச்சியை என்னால் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

சனிக்கிழமை மாட்டுங்கா சென்றேன். பார்வதி மாமி என் முழங்காலைப் பற்றி விசாரித்தார். பேச வேண்டியவர் பேசுவதற்கு முன்னர் ஐந்து நிமிடம் கேட்டுப் பெற்று, எழுந்து நின்றேன். எழுதி எடுத்துச் சென்றிருந்தேன். ஆனால் தாளைப் பிரிக்கவில்லை. "அன்னைக்கு நான் பேசினது தப்பு. அது ரெண்டு தொடர்தான். ஜெயா சொன்னதுதான் சரி. சரியாச் சொன்ன பிள்ளைய நான் மட்டம் தட்டிப் பேசிட்டேன்" என்றேன். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு கூட்டத்தில் நான் பேசிய வீட்டுத் தமிழ் அது. அழகான வாக்கியங்கள் எதுவும் அப்போது கைகொடுக்கவில்லை. ஜெயா பின்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டாள். கூட்டம் கலைந்ததும் அவள் அருகே சென்று, நாளைக்கு உங்கள் வீட்டுக்கு வரலாமா என்று கேட்டேன். "எதுக்கு மாமி, மறுபடியும் புஸ்தகமா?" என்றாள். "இல்லம்மா, இந்த வாட்டி பையனுக்காக" என்றேன். பார்வதி மாமி காதில் அது விழுந்துவிட்டது. ஆகையால் மாட்டுங்காவில் எல்லோருக்கும் தெரிந்த பிறகுதான் இந்தச் செய்தி உனக்கு வருகிறது. அதற்காகவும் என்னைப் பொறுத்துக்கொள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, உன் அப்பா இஸ்திரி போட்ட சட்டையும் நான் அதே நீலச் சேலையுமாகச் செம்பூரில் அவள் வீட்டுக்குப் போனோம். அவள் தந்தை அதிகம் பேசாத மனிதர். தாயில்லாத பெண்ணைத் தனியாக வளர்த்தவர். "இவ வாய் கொஞ்சம் ஜாஸ்தி. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார். தெரியும் என்றேன். எல்லோரும் சிரித்தோம். முறைப்படி கேட்டேன், முறைப்படி கொடுத்தார். சம்மதம், மகனே. முழு மனத்தோடு, தாமதித்ததற்கு வருத்தத்தோடு, சம்மதம். உனக்கு நான் சொல்லக்கூடிய அறிவுரை ஒன்றே ஒன்றுதான். இந்தப் பெண் உன் தவறுகளை உன்னிடம் சொல்லுவாள். நாலு பேர் முன்னாலும் சொல்லக்கூடும். சுருக்கென்று இருக்கும். இருக்கட்டும். அவள் சொன்னது சரியா என்று அன்றைக்கே பார்த்துவிடு. எட்டு மாதம் ஆக்காதே.

எங்களை வழியனுப்ப அவள் பேருந்து நிறுத்தம் வரை வந்தாள். அந்தக் கதையின் முடிவைப் பற்றிப் பேச்சு வந்தது. ஆறு திரும்பி வந்தது பாய் முடைபவரின் மகளுக்காக என்று நான் சொன்னேன். இல்லை, அது தனக்காகவே திரும்பி வந்தது என்றாள் அவள். அதற்கு ஆதாரம் என்ன என்றேன். பதினெட்டாம் அத்தியாயம் என்றாள். பதினெட்டாம் அத்தியாயம் என் பக்கம்தான் பேசுகிறது என்றேன். "ஏளா, பஸ்ஸு போவுது" என்றார் உன் அப்பா. போகட்டும் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அடுத்த பேருந்தும் போயிற்று. மூன்றாவது வந்தபோது உன் அப்பா மட்டும் ஏறி இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டு, ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, நானும்தான்.

நீ விரைவில் வந்து தீர்ப்புச் சொல்.

உன் அம்மா.